காதுக்கு அப்பால் ஓர் ஊர்வலம்

கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா, இல்லையா என்று பார்க்க நம் வீடுகளில் ஒரு பரீட்சை உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாட்டி சத்தம் போடாமல் தொட்டிலுக்குப் பின்னால் போய் நிற்பாள். ஒரு கையிலே பித்தளைத் தாம்பாளம்; மற்றொரு கையிலே கரண்டி. 'டணார்' என்று ஓர் அடி! குழந்தை திடுக்கிட்டுக் கையை உதறினால், "என் ராஜாவுக்குப் பாம்புச் செவி!" என்று பாட்டி தீர்ப்புக் கூறிவிடுவாள். அப்புறம் அந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது.

பாட்டியைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் அந்தத் தீர்ப்பிலே கொஞ்சம் ஓட்டை இருக்கிறது. தாம்பாளத்தை ஓங்கி அடிக்கும்போது காற்று அசைகிறது, தொட்டில் அதிர்கிறது, சுவரிலே நிழல் ஆடுகிறது. அடியோடு காது கேளாத குழந்தைகூட இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத் திடுக்கிடலாம். தாம்பாளச் சத்தம் மட்டும் கேட்டு, தாயின் பேச்சுக் கேட்காத குழந்தையும் உண்டு. அதே சமயம், மிக நன்றாகக் காது கேட்கிற குழந்தை, வயிறு நிறையப் பால் குடித்த சுகத்தில், இடி விழுந்தாலும் இமையைத் திறக்காது!

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குப் பிறவியிலேயே செவிக் குறை இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் குழந்தையும் சிரிக்கும், அழும், தவழும், கை நீட்டும். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வயது இரண்டு ஆகும், பேச்சு வராது. "இவன் அப்பாவே மூன்று வயதுக்கு மேல்தான் வாயைத் திறந்தான்" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அதை நம்பி இன்னும் ஒரு வருஷம் போகும். பாஷை படிப்பதற்கென்றே இயற்கை ஒதுக்கிக் கொடுத்த வருஷங்கள் அவை. போனால் திரும்பி வராத வருஷங்கள்.

சரி, பேசத் தெரியாத குழந்தையை, "உனக்குக் கேட்கிறதா, கண்ணே?" என்று எப்படிக் கேட்பது?

குழந்தையைக் கேட்கவே வேண்டாம். அதன் நரம்பைக் கேட்டால் போதும்! குழந்தை பாட்டுக்குத் தூங்கட்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, காதில் 'டிக், டிக்' என்று சப்தம் கொடுத்தால், உள்ளே நரம்பு சொல்லும் பதில் மெல்லிய மின்சார அலைகளாக வெளியே வருகிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதை 'பெரா' டெஸ்ட் என்கிறார்கள். காகிதத்திலே ஐந்து சிறு சிகரங்கள் தெரிந்தால் தகப்பனாரின் முகம் மலர்கிறது.

அந்த ஐந்து சிகரங்களும் தலைக்குள்ளே எந்தெந்த இடத்தில் பிறக்கின்றன என்பதைக் கண்டுபிடித்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அது ஒரு துப்பறியும் கதை மாதிரி. ஆராய்ச்சியாளர்களை இரண்டு தடவை பூனை ஏமாற்றியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஒலி போகும் வழி

முதலில் வழியைத் தெரிந்துகொள்வோம்.

சப்தம் காதுத் துவாரம் வழியாகப் போய்ச் செவிப்பறையைத் தட்டுகிறது. அதை அடுத்து மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்ச்சியைக் கைமாற்றி உள்காதுக்குக் கொடுக்கின்றன. அங்கே நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றிய ஓர் எலும்புக் குழாய் இருக்கிறது. அதற்குக் 'காக்லியா' என்று பெயர். அதற்குள் இருக்கும் மயிர்ச் செல்கள்தான் அதிர்ச்சியை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. அங்கிருந்து சுமார் முப்பதாயிரம் இழைகள் கொண்ட செவி நரம்பு புறப்படுகிறது.

நரம்பு எலும்புக் கால்வாய் ஒன்றைக் கடந்து, மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் கொஞ்ச தூரம் போய், மூளைத் தண்டில் நுழைகிறது. பெருமூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் நடுவே காம்பு போல் இருக்கும் பாகம்தான் மூளைத் தண்டு. நுழைந்ததும் முதல் சாவடி, காக்லியர் நியூக்ளியஸ். அடுத்தது, ஆலிவ் என்ற ஒரு முடிச்சு. இரண்டு காதிலிருந்தும் வரும் செய்திகள் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும் பெரிய சந்திப்பு இதுதான். சப்தம் இடப் பக்கத்திலிருந்து வருகிறதா, வலப் பக்கத்திலிருந்தா என்ற கணக்கு இங்கே தொடங்குகிறது. அதற்கு மேலே போகும் பாதைக்கு லெம்னிஸ்கஸ், அதாவது ரிப்பன், என்று பெயர். ரிப்பன் போய்ச் சேரும் இடத்துக்குக் கோலிகுலஸ் என்று பெயர். லத்தீனில் 'சிறு குன்று' என்று பொருள். குன்றைத் தாண்டிப் போனால்தான் பெருமூளை. "அடடே, இது அம்மாவின் குரல்!" என்று தெரிந்துகொள்வதெல்லாம் அங்கேதான்.

காதிலிருந்து குன்று வரை போகச் செய்திக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, தெரியுமா? ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்கு மில்லிசெகண்ட் என்று பெயர். அப்படிப்பட்ட ஆறு மில்லிசெகண்டுக்குள் செய்தி குன்றை எட்டிவிடுகிறது. நீங்கள் கண்ணை ஒரு முறை இமைப்பதற்குள் அது பல தடவை போய் வந்துவிடலாம்!

பூனை செய்த முதல் மோசடி

1930-ஆம் வருஷம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் எர்னஸ்ட் வீவர், சார்லஸ் பிரே என்ற இரண்டு பேர் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார்கள். மயக்கம் கொடுத்த ஒரு பூனையின் செவி நரம்பிலே ஒரு மின் கம்பியை வைத்தார்கள். கம்பியில் வந்த மின்சாரத்தைப் பெரிதாக்கி, வேறொரு அறையில் இருந்த டெலிபோன் குழாய்க்கு அனுப்பினார்கள். ஒருவர் பூனையின் காதருகே பேசினார். மற்றவர் அந்த அறையிலே குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். பேச்சு வார்த்தைக்கு வார்த்தை தெளிவாகக் கேட்டது! பூனை, டெலிபோனாகவே மாறிவிட்டது.

விஞ்ஞான உலகம் மூக்கில் விரலை வைத்தது. ஓர் இழை வினாடிக்குச் சில நூறு தடவைக்கு மேல் துடிப்பது கடினம். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கில் அதிரும் குரலை நரம்பு எப்படி அப்படியே சுமந்து வருகிறது?

ஆராய்ந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. கம்பியில் வந்தது நரம்பின் மின்சாரம் மட்டும் அல்ல. காக்லியாவில் இருக்கும் மயிர்ச் செல்களே மைக்ரோபோன் மாதிரி ஒரு மின்சாரத்தை எழுப்புகின்றன. அது பக்கத்தில் இருந்த நரம்புக் கம்பியிலும் வந்து கலந்துவிட்டது. ஹாலோவெல் டேவிஸ் முதலியவர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள்.

இதிலிருந்து கிடைத்த பாடம் என்ன? தலைக்குள் மின்சாரம் பிறப்பது ஓரிடம். நமக்குக் கிடைப்பது மற்றோர் இடம். தபால் எந்த ஊர்ப் பெட்டியில் கிடைத்தது என்பதை வைத்து, எழுதினவர் அந்த ஊர்க்காரர்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கூட்டத்தைக் கலைத்த தந்திரம்

பூனையின் மண்டையைத் திறக்கலாம். மனிதன் மண்டையைத் திறக்க முடியுமா? வெளியிலிருந்தேதான் கேட்க வேண்டும்.

ஜெர்மனியில் ஜேனா நகரத்து டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924-லேயே மனிதன் தலைக்கு வெளியிலிருந்து மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்து, 1929-ல் உலகத்துக்கு அறிவித்தார். ஆனால் அது மூளை முழுவதும் சேர்ந்து போடும் இரைச்சல். அதற்குள்ளே செவிப் பாதையின் குரல் மிக மிக மெலிசானது. ஒரு டார்ச் லைட் செல்லின் மின் அழுத்தத்தை முப்பது லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! சந்தைக் கூச்சலுக்கு நடுவே எறும்பு பேசுவதைக் கேட்பது போலத்தான்.

இதற்கு ஒரு தந்திரம் அகப்பட்டது. கோயில் கோபுர வாசலுக்கு எதிரே ஒரே இடத்தில் காமிராவை நிறுத்தி ஆயிரம் படம் எடுக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கிறீர்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் படத்துக்குப் படம் மாறுவதால் அவர்களெல்லாம் மங்கி மறைந்து போவார்கள். அசையாத கோபுரம் மட்டும் பளிச்சென்று நிற்கும். அதே மாதிரி, காதில் இரண்டாயிரம் தடவை 'டிக்' என்று சப்தம் கொடுத்து, ஒவ்வொரு 'டிக்'குக்கும் பிறகு வரும் மின்சாரத்தைக் கூட்டிச் சராசரி பார்த்தால், கண்டபடி அலையும் மூளை இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் தவறாமல் அதே நொடியில் வரும் பதில் மட்டும் மிஞ்சும்.

லண்டனில் ஜார்ஜ் டாசன் என்பவர் 1951-ல் இப்படிக் கூட்டுவதற்கு ஓர் இயந்திரத்தையே செய்துவிட்டார். பிறகு எலெக்ட்ரானிக் கணக்குப் பொறிகள் வந்தன; வேலை சுலபமாயிற்று.

1967-ல் ஜெருசலேம் நகரத்தில் சோமர், ஃபைன்மெஸ்ஸர் என்ற இருவர், மனிதனின் காது மடலில் வில்லையை ஒட்டியே செவி நரம்பின் குரலைப் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் இன்னும் சில அலைகளும் தெரிந்தன. 1970-ல் அமெரிக்காவில் டான் ஜூவெட்டும் அவருடைய கூட்டாளிகளும், அந்த அலைகள் மூளைத் தண்டிலிருந்து வரக்கூடும் என்று வெளியிட்டார்கள். மறு வருஷம் ஜூவெட்டும் வில்லிஸ்டனும் ஏழு அலைகளுக்கு வரிசையாக ரோமன் எண்கள் கொடுத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதே எண்கள்தான். முதல் அலை சுமார் ஒன்றரை மில்லிசெகண்டில். மூன்றாவது, நாலுக்குச் சற்று முன்னால். ஐந்தாவது, ஐந்தரையை ஒட்டி. ஆறாவதும் ஏழாவதும் ஆளுக்கு ஆள் மாறுவதால் டாக்டர்கள் அவற்றை அவ்வளவாக நம்புவதில்லை.

வீட்டிலிருந்தே கேட்கும் மேளம்

அலைகள் கிடைத்துவிட்டன. விலாசம்? எந்த அலை எந்தச் சாவடியில் பிறக்கிறது?

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன உதாரணம். ஊரில் திருவிழா. சுவாமி புறப்பாடாகிறது. உங்களுக்குக் காய்ச்சல், வீட்டுக்குள் படுத்திருக்கிறீர்கள். இருந்தாலும் மேளச் சத்தத்தை வைத்தே ஊர்வலம் எங்கே வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள், இல்லையா? கோபுர வாசலைத் தாண்டும்போது சத்தம் 'குபீர்' என்று எழும்பும். நேரான வீதியில் வரும்போது ஒரே சீராக இருக்கும். மூலை திரும்பும்போது மறுபடியும் மாறும். மண்டகப்படிக்கு நிற்கும்போது நாகஸ்வரக்காரர் ஒரு வெளுப்பு வெளுப்பார். அது தனியாகத் தெரியும்.

நரம்புச் செய்தியும் இப்படித்தான். நரம்பு வழியே நேராக ஓடிக்கொண்டிருக்கும் வரையில், தூரத்தில் நெற்றியில் இருக்கும் வில்லைக்கு அதிகமாக ஒன்றும் தெரிவதில்லை. எலும்புக் கால்வாயை விட்டுத் திரவத்துக்குள் வரும்போதும், பாதை வளையும்போதும், ஒரு நரம்புச் சாவடியில் போய் முடியும்போதும் சிகரம் எழும்புகிறது. அதுவும் ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றாக, ஒரே தாளத்தில், அடி எடுத்து வைத்தால்தான். ஆளுக்கு ஒரு பக்கம் போனால் ஊர்வலம் ஏது?

பூனை செய்த இரண்டாவது மோசடி

விலாசம் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் பூனையிடமே போனார்கள். பூனையின் மூளைத் தண்டில் ஒவ்வொரு சாவடியிலும் கம்பியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சாவடியைச் செயலிழக்கச் செய்து, எந்த அலை மறைகிறது என்று பார்த்தார்கள். 1970-களின் நடுவில் ஓர் அழகான பட்டியல் தயாராயிற்று. முதல் அலை செவி நரம்பு, இரண்டாவது காக்லியர் நியூக்ளியஸ், மூன்றாவது ஆலிவ், நாலாவது ரிப்பன், ஐந்தாவது குன்று. வீட்டுக்கு ஓர் அலை! ஞாபகம் வைத்துக்கொள்ள எவ்வளவு சௌகரியம்! மாணவர்கள் நெட்டுருப் போட்டார்கள். டாக்டர்கள் அதை வைத்தே நோயாளிகளின் அலைகளையும் படித்தார்கள்.

ஆனால் மனிதன் பூனை அல்லவே!

உண்மை வெளிப்பட்ட இடம் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஆபரேஷன் தியேட்டர். அங்கே பீட்டர் ஜானெட்டா என்ற சர்ஜன் இருந்தார். முகத்திலே மின்னல் வெட்டுவது போன்ற தாங்க முடியாத நரம்பு வலி சிலருக்கு வரும். மூளைத் தண்டின் அருகே ஓர் இரத்தக் குழாய் நரம்பை அழுத்திக்கொண்டிருப்பதுதான் பல பேருக்குக் காரணம். ஜானெட்டா காதுக்குப் பின்னால் மண்டையில் சிறு வாசல் திறந்து, நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் நடுவே சிறு திண்டு ஒன்றை வைத்து, இரண்டையும் பிரித்துவிடுவார். வலி போய்விடும். ஆனால் ஓர் அபாயம்: செவி நரம்பும் பக்கத்து வீட்டுக்காரன்தான். கொஞ்சம் இழுபட்டாலும் நோயாளிக்கு அந்தக் காது போய்விடும்.

ஆகையால், ஸ்வீடனில் செவி ஆராய்ச்சி செய்துவிட்டு வந்திருந்த ஆகே மோலர் என்ற விஞ்ஞானி, ஆபரேஷன் நடக்கும்போதே நோயாளியின் காதில் 'டிக், டிக்' கொடுத்து அலைகளைக் காவல் காத்தார். மயக்க மருந்தும் தூக்கமும் இந்த அலைகளை அதிகமாகப் பாதிப்பதில்லை என்பது பெரிய சௌகரியம். அலை தாமதப்பட ஆரம்பித்தால் சர்ஜனை எச்சரிக்கலாம். அப்படிக் காவல் காக்கும்போது, திறந்திருக்கும் செவி நரம்பின் மேலேயே மெல்லிய கம்பியை வைத்துக் கேட்கவும் வழி ஏற்பட்டது. மனிதனுடைய செவி நரம்பு தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தது.

1981-ல் முடிவு வெளியாயிற்று. மூளைத் தண்டுக்குச் சமீபத்தில், செய்தி இன்னும் நரம்பிலேயே போய்க்கொண்டிருக்கும் சமயமும் இரண்டாவது அலையின் சமயமும் ஒன்றாக இருந்தன! அதாவது, மனிதனிடம் முதல் அலை மட்டும் அல்ல, இரண்டாவது அலையும் செவி நரம்புக்கே சொந்தம். காதுப் பக்கத்து முனையில் பிறப்பது முதல் அலை. மூளைப் பக்கத்து முனையில் பிறப்பது இரண்டாவது. அதே 1981-ல் ஜப்பானில் ஹாஷிமோட்டோவும் அவர் தோழர்களும் மனித மூளைத் தண்டிலேயே நேரடியாகப் பதிவு செய்து வெளியிட்டார்கள்.

பூனைக்கும் நமக்கும் ஏன் இந்த வித்தியாசம்? காரணம் ரொம்பச் சாதாரணமானது. பூனையின் செவி நரம்பு சுமார் 8 மில்லிமீட்டர் நீளம். மனிதனுடையது சுமார் 25 மில்லிமீட்டர். நம் தலை பெரிது, நரம்பும் நீளம். அதைக் கடக்கவே ஒரு மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறது. அந்த ஒரு மில்லிசெகண்டுக்குள் மனிதனிடம் ஓர் அலை அதிகமாகப் புகுந்துகொண்டது.

நம் ஊர்வலத்துக்கே வாருங்கள். உங்கள் கிராமத்தில் சந்நிதித் தெரு பத்து வீடு. இரண்டாவது தடவை மேளம் பலத்தால் சுவாமி மண்டபத்துக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். நீங்கள் பெரிய நகரம் ஒன்றுக்குப் போகிறீர்கள். அங்கே சந்நிதித் தெரு முப்பது வீடு. இரண்டாவது மேளம் கேட்கும்போது சுவாமி இன்னும் தெருக் கோடியில்தான் இருக்கிறார். மண்டபத்தில் அடிக்கும் மேளம் உங்களுக்கு மூன்றாவதாக வரும். கிராமத்துக் கணக்கை நகரத்தில் போட்டால் ஒரு மண்டபம் முழுவதும் தப்பாகத்தானே போகும்?

அப்படியே ஆயிற்று. இன்று நாம் அறிந்தபடி, மனிதனிடம் காக்லியர் நியூக்ளியஸின் பங்கு அதிகமாகத் தெரிவது மூன்றாவது அலையில். நாலாவதில் ஆலிவின் பங்கு. எல்லாவற்றிலும் பெரிதான ஐந்தாவது அலை, ரிப்பன் பாதை எதிர்ப் பக்கத்துக் குன்றில் போய் முடியும் இடத்தில் முக்கியமாகப் பிறக்கிறது. அதற்குப் பிறகு வரும் மெதுவான இறக்கம்தான் குன்றின் சொந்தக் குரல்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. 'வீட்டுக்கு ஓர் அலை' என்ற கணக்கு, நரம்பைத் தாண்டினால் செல்லாது. மூளைத் தண்டுக்குள் பாதை பல கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை ஆலிவில் நின்று போகும். மற்றொன்று நிற்காமலே நேரே குன்றுக்குப் போகும். ஒரே சமயத்தில் நாலு வீதியில் நாலு சப்பரம் போவது மாதிரி. ஆகவே மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு அலையும் கூட்டுக் குடும்பம்தான். யார் தலைவர் என்று சொல்லலாம். மற்றவர்களே இல்லை என்று சொல்ல முடியாது.

விலாசம் தெரிந்து என்ன லாபம்?

"இரண்டாவது அலை நரம்பில் பிறந்தால் என்ன, நியூக்ளியஸில் பிறந்தால் என்ன? எங்களுக்கு அரிசி விலை குறையப் போகிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வழியிலே எங்கே தடை என்று சொல்ல வேண்டுமானால் விலாசம் தெரிந்தாக வேண்டும். எல்லா அலைகளும் தாமதமாக வந்து, அவற்றுக்குள் இடைவெளி மட்டும் சரியாக இருந்தால், தடை பெரும்பாலும் ஊர்வலம் புறப்படுவதற்கு முன்பே. காதில் சீழோ நீரோ இருக்கலாம். முதல் அலை சரியாக வந்து, மூன்றாவது தாமதித்தால், செவி நரம்பிலோ அது மூளைத் தண்டில் நுழையும் இடத்திலோ தொல்லை. அங்கே மெதுவாக வளரும் ஒருவகைக் கட்டியை 1970-களின் பிற்பகுதியில் இந்த அலைகளை வைத்துத்தான் டாக்டர்கள் தேடினார்கள். சின்னக் கட்டிகளைக் கண்டுபிடிக்க இன்று எம்.ஆர்.ஐ. படம் மேல். மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே இடைவெளி நீண்டால், தொல்லை மூளைத் தண்டுக்குள்ளேயே. பூனைப் பட்டியலை நம்பி, இரண்டாவது அலை இருக்கிறதே, செய்தி மூளைத் தண்டுக்குள் போய்விட்டது என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? நரம்பின் கோடியில் இருக்கும் தடையை மூளைக்குள்ளே தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

தூங்கும் குழந்தையிடம் ஒரு கேள்வி

இனி, பேசாத பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம்.

1974-ல் ஹெகாக்ஸ், காலம்போஸ் என்ற இருவர் கைக்குழந்தைகளிடமும் இந்த அலைகளைத் தெளிவாகப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். (இந்த ராபர்ட் காலம்போஸ்தான் வாலிபத்தில் டொனால்ட் கிரிஃபினோடு சேர்ந்து, வௌவால் தன் குரலின் எதிரொலியைக் கேட்டே இருட்டில் பறக்கிறது என்று நிரூபித்தவர். காதைப் பற்றிய கெட்டிக்காரத்தனம் அவருக்குப் பழைய சொத்து!) பெரியவர்களுக்கு முதல் அலைக்கும் ஐந்தாவதற்கும் நடுவே சுமார் நாலு மில்லிசெகண்ட், பிறந்த குழந்தைக்குச் சுமார் ஐந்து. நரம்பின் மேலுறை இன்னும் முற்றாததால் பாதை கொஞ்சம் கரடுமுரடு. இரண்டு வயதை ஒட்டி அது பெரியவர்கள் கணக்குக்கு வந்துவிடும்.

சப்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மற்ற அலைகள் ஒவ்வொன்றாக மறைந்துவிடும். ஐந்தாவது அலை மட்டும் கடைசி வரை நிற்கும். அதுவும் எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்தால், குழந்தைக்கு எவ்வளவு மெல்லிய சப்தம் வரை எட்டுகிறது என்று டாக்டர் மதிப்பிட்டுவிடுவார். ஊசி இல்லை, வலி இல்லை. பிறந்த சில நாளான குழந்தை பால் குடித்துத் தூங்கினாலே போதும். ஓடி ஆடும் வயதுப் பிள்ளைக்கு மட்டும் டாக்டர் மேற்பார்வையில் தூக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். அலை தெரிந்தது என்றால் குன்று வரை செய்தி ஒழுங்காகப் போகிறது என்றுதான் அர்த்தம். அதற்கு மேலே பெருமூளை அதைப் புரிந்துகொள்கிறதா என்பதை இது சொல்லாது. அலை தெரியவில்லை என்றால் குழந்தை முழுச் செவிடு என்றும் அர்த்தம் இல்லை. 1996-ல் ஆர்னால்ட் ஸ்டார் முதலிய டாக்டர்கள் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்கு உள்காதின் மயிர்ச் செல்கள் நன்றாக வேலை செய்தன. 1930-ல் பூனையிடம் கேட்ட அந்த மைக்ரோபோன் மின்சாரம்கூட இருந்தது. ஆனால் ஐந்து அலைகளையும் காணோம், அல்லது உருக்குலைந்திருந்தன! சப்தம் கேட்கும், பேச்சு புரியாது. இழைகள் ஒன்றாக அடியெடுத்து வைக்காமல் தாளம் தப்பிப் போனதுதான் காரணம். ஆகவே ஒரு சோதனையின் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு மனம் ஒடிந்து போகவும் வேண்டாம். "ஒன்றும் இல்லை" என்று மெத்தனமாக இருக்கவும் வேண்டாம். மற்றச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

விலாசமே வைத்தியமான கதை

கடைசியாக ஓர் அதிசயம். காக்லியாவில் மயிர்ச் செல்கள் பாழாகிவிட்டால், உள்ளே மின் கம்பி ஒன்றை வைத்து நரம்பை நேரடியாகத் தூண்டும் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் நரம்பே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? இரண்டு பக்கத்துச் செவி நரம்பிலும் கட்டி வளர்ந்து, அதை எடுக்கும்போது நரம்பும் போய்விடும் துர்ப்பாக்கியம் சிலருக்கு நேர்கிறது. 1979-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வில்லியம் ஹவுஸ், வில்லியம் ஹிட்செல்பெர்கர் என்ற டாக்டர்கள் அப்படிப்பட்ட ஒருவருக்கு, நரம்பைத் தாண்டி அடுத்த சாவடியான காக்லியர் நியூக்ளியஸின் மேலேயே மின் கம்பியை வைத்தார்கள். அவருக்குச் சப்தம் கேட்டது! சென்னையிலும் பின்னாளில் இந்தச் சிகிச்சை செய்யப்பட்டிருக்கிறது.

அந்தச் சாவடி சில மில்லிமீட்டரே உள்ள இடம். சுற்றிலும் உயிருக்கு ஆதாரமான நரம்புகள். கம்பி சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கம்பியில் கொஞ்சம் மின்சாரம் செலுத்தி, மேலே இருக்கும் சாவடிகளிலிருந்து அலை வருகிறதா என்று பார்க்கிறார்கள். அலை வந்தால் இடம் சரி. யாருடைய குரல் எது என்று தெரிந்திருப்பதால் அல்லவா இது முடிகிறது?

ஆகையால், வாசகர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தை பிறந்தால், தாம்பாளப் பரீட்சையோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் வேண்டிய உதவியைத் தொடங்கிவிடுங்கள். ஒன்று, மூன்று, ஆறு என்பதுதான் இந்தத் துறையின் வாய்ப்பாடு. ஆறு மாதத்துக்குள் குறையைக் கண்டுபிடித்து உதவி செய்யப்பட்ட குழந்தைகள், பின்னால் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடப் பாஷையில் நன்றாக முன்னேறியிருப்பதை அமெரிக்காவில் கொலராடோ ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் எடுத்துக் காட்டினார்கள்.

ஆறு மில்லிசெகண்டில் பதில் சொல்ல நரம்பு தயாராக இருக்கிறது. அதைக் கேட்க நாம் இரண்டு வருஷம் தாமதிப்பானேன்?